போர் திரும்பிய நாளைக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டாம் உலகப் போரைத் துறைமுகப் பக்கத்திலிருந்து படிக்க ஒரு வழிகாட்டி

சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், அரசுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலருக்கும் மாலை வேளையில் வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன். இரண்டாம் உலகப் போர் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஸ்டாலின்கிராட், எல் அலமைன், மிட்வே என்று பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறார்கள், ஆண்டும் பிசகுவதில்லை. "அதை ஏன் திருப்புமுனை என்கிறோம்?" என்று கேட்டால், "அதுல ஜெர்மனி தோத்துப்போச்சு சார்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. நான் படித்த பள்ளியிலும் எங்களுக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். தேதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நான், அந்தப் போர் ஏன் அந்த ஆண்டுகளில் அப்படித் திரும்பியது என்பதைப் புரிந்துகொள்ள முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. அந்தத் தாமதம் இன்னொரு தலைமுறைக்கு நேர வேண்டாம் என்பதற்காகவே இந்த முறையை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், தாமாகப் படிப்பவர்களுக்கும், வகுப்பு எடுப்பவர்களுக்கும் இது பயன்படும்.

தோற்ற நாளெல்லாம் திரும்பிய நாள் ஆகாது. ஒரு தரப்பு இருபது சண்டைகளில் தோற்றும் போரை வெல்லலாம். சோவியத் ஒன்றியம் 1941இல் அப்படித்தான் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நேற்றுவரை ஒரு தரப்பால் செய்ய முடிந்த எந்தக் காரியம், இந்த நாளுக்குப் பிறகு அதனால் செய்ய முடியாமல் போயிற்று? இந்தக் கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தால் அது திருப்புமுனை. கிடைக்காவிட்டால் அது எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் சண்டை மட்டுமே. விடை கிடைத்ததும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: எந்தச் சரக்கு தீர்ந்ததால், அல்லது எந்தப் பாதை அடைபட்டதால் அது முடியாமல் போயிற்று? எண்ணெய், அரிசி, கப்பல், விமானி, ரப்பர் என்று ஏதாவது ஒரு பொருளில் அந்த விடை வந்து நிற்கும். துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதையும், தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து டேங்கர் லாரிகள் கிளம்புவதையும் அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் கேள்வியை விளக்கவே வேண்டியதில்லை. சரக்கு வராவிட்டால் எதுவும் நகராது என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்த செய்தி.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. சுவரில் மாட்ட ஓர் உலக வரைபடம், குண்டூசிகள், இரண்டு நிறத்தில் தையல் நூல், ஒரு நீளமான நோட்டு ஆகியவை போதும். நோட்டில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு கட்டங்கள் போடுங்கள்: நடந்த நாள், நம் ஊர் மக்களுக்குத் தெரிந்த நாள், யாரால் எது முடியாமல் போயிற்று, எந்தச் சரக்கு அல்லது எந்தப் பாதை. இரண்டாவது கட்டத்தைப் பலர் தேவையற்றது என்று நினைப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள், அந்தக் கட்டத்தின் அருமை போகப் போகத் தெரியும்.

முதல் நாள்: திருப்புமுனை அல்லாத ஒன்று

திருப்புமுனையைக் கண்டறியப் பழகுவதற்கு முன் அது அல்லாத ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எம்டனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அது முந்தைய உலகப் போரைச் சேர்ந்தது என்றாலும் நம் கடற்கரையில் நடந்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். "அவன் சரியான எம்டன்" என்று நாம் பேசும் அளவுக்கு அந்தக் கப்பல் தமிழுக்குள்ளேயே வந்து தங்கிவிட்டது.

பிள்ளைகளை உயர் நீதிமன்றச் சுவருக்கு அழைத்துச் சென்று, அங்கேயே நின்று முதல் கேள்வியைக் கேளுங்கள். அந்த இரவுக்குப் பிறகு பிரிட்டனால் எது முடியாமல் போயிற்று? வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் சில காலம் அஞ்சி முடங்கின. அதற்கு மேல் எதுவும் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தியது. நகரத்தின் அச்சம் பெரிது, நினைவு நெடியது. போரின் போக்கோ மாறவில்லை. ஒரு நிகழ்ச்சி நம் மனத்தில் பிடித்திருக்கும் இடமும் போரில் அது பிடித்திருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் இங்கே கற்றுக்கொண்டால், மற்றவை எளிதாகும்.

இரண்டாம் நாள்: ஏப்ரல் 1942, ஜூன் 1942

அடுத்து நேராக 1939க்குப் போகாதீர்கள். நம் ஊர் நடுங்கிய மாதத்திலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் நகருங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. மார்ச் 23 அன்று அந்தமான் அவர்கள் கைக்குப் போயிற்று. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு இடையில் இருப்பது 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட திறந்த கடல் மட்டுமே. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்கு உள்ளாயின. ஏப்ரல் 9 அன்று திரிகோணமலை தாக்கப்பட்டதுடன், ஹெர்மீஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. வரைபடத்தில் இந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். ஊசிகள் மேற்கு நோக்கி நகர்ந்து நகர்ந்து நம் கரையை வளைத்து நிற்பதைப் பார்க்கும்போது, அந்த மாதம் சென்னை ஏன் காலியாயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அத்தியாவசியப் பணியில் இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று அரசு அறிவித்ததும், மக்கள் கூட்டம் கூட்டமாக ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஊர்களுக்குப் போனார்கள். வீட்டுப் பெரியவர்கள் இதைப் பல காலம் "எவாக்குவேஷன்" என்ற சொல்லாலேயே குறிப்பிட்டு வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததையும் பிள்ளை பிறந்ததையும் அதற்கு முன், அதற்குப் பின் என்று கணக்கிட்டார்கள். சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பூங்காவில் அப்போது இருந்த விலங்குக் காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பிள்ளைகள் இதைக் கேட்டு மனம் வாடுவார்கள். அந்த வாட்டத்தை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம்; ஒரு நகரம் எதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஆனால் ஜப்பானியர் சென்னைக்கு வரவில்லை. ஏன்? இந்த இடத்தில் பிள்ளைகளைப் பொறுமையாகச் சிந்திக்க விடுங்கள். ஏப்ரலில் அந்தக் கடற்படை திரும்பிப் போனதற்கு யாரும் அதைத் தோற்கடித்தது காரணமல்ல. பசிபிக் பெருங்கடலில் அதற்கு வேறு வேலை இருந்தது. அது தானாகவே திரும்பியது. ஆகவே ஏப்ரல் மாதம் திருப்புமுனை அல்ல. விரும்பினால் மீண்டும் வந்திருக்கலாம். அந்த "விரும்பினால் வரலாம்" என்பது எந்த நாளில் "விரும்பினாலும் வர முடியாது" என்று ஆயிற்று? 1942 ஜூன் 4.

மிட்வே, ஹவாய்த் தீவுகளுக்கு வடமேற்கே இருக்கும் ஒரு சிறு பவளத்தீவு. ஜப்பானியரின் இரகசியக் குறியீட்டை அமெரிக்கர்கள் ஓரளவு உடைத்திருந்தார்கள். அடுத்த தாக்குதலுக்குரிய இடம் இரண்டெழுத்துக் குறி ஒன்றால் சுட்டப்படுவது தெரிந்தது. அந்தக் குறி எந்த ஊர் என்பது உறுதியாகத் தெரியவில்லை. அதைச் சோதிக்க, மிட்வேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி பழுதாகிவிட்டது, தண்ணீர்ப் பற்றாக்குறை என்று வெளிப்படையாக ஒரு செய்தியை அனுப்பச் செய்தார்கள். சில நாட்களில் ஜப்பானியச் செய்தியொன்றில், அந்தக் குறி இடப்பட்ட ஊரில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று வந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து பழகிய நம் தெருப் பிள்ளைகள், ஒரு பெருங்கடல் போரின் விடை தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றிய ஒரு வரியில் கிடைத்ததை மறப்பதே இல்லை.

ஜூன் 4 காலையில் சில நிமிடங்களுக்குள் அகாகி, காகா, சோர்யூ ஆகிய மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களும் அமெரிக்க விமானங்களின் குண்டுக்கு இலக்காகித் தீப்பற்றின. மாலையில் ஹிர்யூவும் அந்தக் கதிக்கு ஆளாயிற்று. அமெரிக்கத் தரப்பில் யார்க்டவுன் என்னும் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் போயிற்று. இப்போது நோட்டைத் திறந்து, ஏப்ரலில் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள்: அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுய்காகு. இவற்றில் முதல் மூன்றும், இலங்கையைத் தாக்கி இரண்டு மாதம் ஆவதற்குள், மிட்வே கடலின் அடியில் இருந்தன. வங்கக் கடலில் தனியாக வந்த ர்யூஜோ என்னும் சிறிய விமானந்தாங்கி, அதாவது விசாகப்பட்டினத்தின் மீது பறந்த விமானங்களை ஏற்றி வந்த கப்பல், அதே ஆண்டு ஆகஸ்டில் சாலமன் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. சென்னைக்கு வரக்கூடியதாக இருந்த வலிமை, சென்னையில் யாரும் பெயர்கூடக் கேட்டிராத இடங்களில் கரைந்தது.

மூன்றாம் கட்டத்தில் எழுத வேண்டியது இது: இரண்டு பெருங்கடல்களிலும் தான் நினைத்த இடத்தில் தாக்கும் ஆற்றல் ஜப்பானுக்குப் போயிற்று. நான்காம் கட்டம்: விமானந்தாங்கிகளும் பழகிய விமானிகளும்; இழந்ததை ஈடுகட்டும் வேகத்தில் கட்டித்தரும் கப்பல் தளங்கள் ஜப்பானிடம் இல்லை, அமெரிக்காவிடம் இருந்தன. இரண்டாம் கட்டத்தில் பிள்ளைகள் ஜூன் 4 என்று எழுத வருவார்கள். தடுத்துவிடுங்கள். கடலுக்கு அப்பால் நடந்த ஒரு சண்டையால் தம் தலைக்கு மேலிருந்த ஆபத்து விலகியது என்பது அன்று ஊர்களில் அடைக்கலம் புகுந்திருந்த சென்னை மக்களுக்குத் தெரியாது. நான்கு ஜப்பானியக் கப்பல்கள் போன செய்தியை ஜப்பானிய அரசு தன் மக்களுக்கே மறைத்தது. நம் ஊர் மக்கள் சிறுகச் சிறுகத் துணிந்து திரும்பி வந்தார்கள். 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சென்னையில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனபோது, ஆபத்து இன்னும் தீரவில்லை என்றே பலர் அஞ்சியிருப்பார்கள். திருப்புமுனை கடந்த பின்னும் குண்டு விழும். திருப்புமுனைக்குப் பிறகு எல்லாம் அமைதியாகிவிடும் என்று எழுதும் பிள்ளைகளுக்கு இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

ஒரே வாரம், 1941 டிசம்பர்

இனி ஆறு மாதம் பின்னோக்கிப் போகலாம். போரின் பெரிய திருப்பம் எது என்று என்னைக் கேட்டால், ஒரு சண்டையைச் சொல்லாமல் ஒரு வாரத்தைச் சொல்வேன். 1941 ஜூன் 22 அன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்த ஜெர்மனி, குளிர்காலத்துக்கு முன் வேலை முடிந்துவிடும் என்று நம்பியிருந்ததால் வீரர்களுக்குப் போதிய கம்பளி உடைகூட அனுப்பியிருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று மாஸ்கோவுக்கு வெளியே சோவியத் படைகள் எதிர்த்தாக்குதலைத் தொடங்கின. டிசம்பர் 7 அன்று ஜப்பான், ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. டிசம்பர் 11 அன்று ஹிட்லர் தாமே முன்வந்து அமெரிக்காவின் மீது போர் அறிவித்தார். இந்த ஏழு நாட்களுக்கு முன், விரைவில் வென்று முடிக்கும் வாய்ப்பு ஜெர்மனிக்கு இருப்பதாகத் தோன்றிற்று. அதன் பின் அந்த வாய்ப்பு இல்லை. நீண்ட போர் என்றால் தொழிற்சாலையும் எண்ணெயும் அதிகம் உள்ள தரப்பின் கை ஓங்கும். அந்தத் தரப்பில் அந்த வாரம் அமெரிக்கா வந்து சேர்ந்தது.

ஜப்பானின் பக்கத்தை விளக்க எண்ணெயைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை ஜப்பான் அமெரிக்காவிடமிருந்தே வாங்கிவந்தது. ஜப்பான் இந்தோசீனாவின் தென்பகுதிக்குள் நுழைந்ததும், 1941 கோடையில் அமெரிக்கா அந்த எண்ணெயை நிறுத்தியது. இருப்பு தீரும் முன் இன்றைய இந்தோனேசியாவின் எண்ணெய் வயல்களைப் பிடித்தாக வேண்டும் என்ற கணக்கில்தான் மலேயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் தாக்கப்பட்டன. தண்டையார்பேட்டை டேங்கர்கள் ஒரு வாரம் ஓடாவிட்டால் இந்த நகரம் என்ன ஆகும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்தே 1941இன் டோக்கியோ மனநிலையை எட்டிவிடலாம். அந்தப் பதற்றம் அந்நாடு இழைத்த கொடுமைகளுக்கு நியாயம் ஆகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டாலின்கிராடைப் பன்னிரண்டு லாரிகளால் விளக்குவது

ஸ்டாலின்கிராடைத் தெருத்தெருவாக நடந்த சண்டையாக மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு வீரம் தெரியும், காரணம் தெரியாது. 1942 கோடையில் ஜெர்மனி காகசஸ் மலைப்பகுதியின் எண்ணெய் வயல்களை நோக்கி நகர்ந்தது. அந்த எண்ணெய் வடக்கே போகும் வழிகளில் ஒன்று வோல்கா ஆறு. அதன் கரையில் ஸ்டாலின்கிராட். ஹிட்லர் தம் படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை எண்ணெய்க்கும் மறு பகுதியை அந்த நகரத்துக்கும் அனுப்பினார். மைக்கோப் எண்ணெய் வயலை ஜெர்மானியர் அடைந்தபோது கிணறுகள் பாழாக்கப்பட்டிருந்தன. நகரமோ வீடு வீடாக எதிர்த்து நின்றது. நவம்பர் 19 அன்று சோவியத் படைகள் நகரத்துக்குள் மோதாமல், இரு பக்கங்களிலும் காவல் நின்ற ருமேனியப் படைகளை உடைத்துக்கொண்டு வந்தன. நான்கே நாட்களில் வளையம் மூடிற்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே அகப்பட்டார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளை எண்ணூர் விரைவுச் சாலைக்கு அழைத்துப் போங்கள். சரக்கு ஏற்றிய கன்டெய்னர் லாரி ஒன்று சுமார் 25 டன் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அகப்பட்ட படை உயிர்வாழ நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் உணவும் எரிபொருளும் வெடிபொருளும் வேண்டியிருந்தது. வரிசையில் நிற்கும் லாரிகளில் பன்னிரண்டை எண்ணச் சொல்லுங்கள்; ஒரு நாளைய தேவை அவ்வளவுதான். அதை விமானத்திலேயே கொண்டு சேர்ப்பதாக ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். பனியிலும் பீரங்கிக் குண்டுகளிலும் தப்பி வந்து சேர்ந்தது, சராசரியாக நாளுக்கு நூறு டன் அளவே. பன்னிரண்டில் நான்கு. எட்டு லாரிகள் வராத நாட்கள் பத்து வாரம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்வார்கள். 1943 பிப்ரவரி 2 அன்று சண்டை ஓய்ந்தபோது சரணடைந்தவர்கள் ஏறக்குறைய 91,000 பேர். அவர்களில் தாயகம் திரும்பியவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே.

எது முடியாமல் போயிற்று என்பதைக் கவனமாக எழுதுங்கள். ஜெர்மனியால் தாக்கவே முடியாமல் போனது என்று எழுதினால் தவறு. 1943 ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரப் பகுதியில் மீண்டும் தாக்கியது. எண்ணெய் வயல்களை அடைவதும், கிழக்கில் எங்கே எப்போது போரிடுவது என்பதைத் தானே முடிவு செய்வதும்தான் படிப்படியாகக் கைவிட்டுப் போயின. கூர்ஸ்கிற்குப் பிறகு அதுவும் முழுமையாக முடிந்தது. ஆகவே இவ்விரண்டையும் ஒரே திருப்பத்தின் தொடக்கமும் முடிவுமாகச் சேர்த்து எழுதுவதே சரி என்பது என் கருத்து.

எல் அலமைனுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 1942 அக்டோபர் 23 முதல் நவம்பர் தொடக்கம் வரை எகிப்தின் பாலைவனத்தில் நடந்த அச்சண்டையில் இந்தியாவின் நான்காவது டிவிஷனும் பங்கெடுத்தது. ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் எரிபொருள் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சூயஸ் கால்வாய்க்கும் அதற்கு அப்பாலுள்ள எண்ணெய்க்கும் இருந்த அச்சுறுத்தல் நீங்கிற்று. அவ்வளவு போதும்.

ஓசையில்லாத திருப்பம்

பாடப்புத்தகங்கள் அரை வரியில் கடந்துபோகும் அட்லாண்டிக் கடற்போருக்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கப்பலில்தான் வர வேண்டும். அந்தக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டே இருந்தன. 1942இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் போயின. 1943 மே மாதத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அந்த ஒரு மாதத்தில் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24 அன்று தளபதி டோனிட்ஸ் அவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். நுண்ணலை ரேடார், நெடுந்தொலைவு பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், துணைக்கு வந்த சிறு விமானந்தாங்கிகள், உடைக்கப்பட்ட எனிக்மா என்னும் ஜெர்மானிய இரகசியக் குறியீடு ஆகியவை ஒன்றுகூடியதால் நேர்ந்த மாற்றம் அது. குறிப்பிட்ட ஒரு நாளோ, பெயர்பெற்ற ஒரு களமோ அதற்கு இல்லை. ஆனால் அது இல்லாமல் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்கியிருக்கவே முடியாது. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, கடலுக்குப் போன படகு திரும்பாத நாளின் கனம் அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். மூழ்கிய வணிகக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் வேலை பார்த்தவர்களில் இந்திய மாலுமிகளும் இருந்தார்கள்.

இம்பால், கோஹிமா, அதற்கு முன் ஒரு ரயில்பாதை

மிட்வேயில் தொடங்கியதை நம் எல்லைவரை கொண்டுவந்து சேர்க்கும் நூல் இது. கப்பல் குறைந்தது, கடற்பாதையில் ஆபத்து கூடிற்று. ஆகவே பர்மாவிலிருந்த படைக்குச் சரக்கு அனுப்ப, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு நிலத்தின் வழியே 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைக்க ஜப்பான் முடிவு செய்தது. 1943 அக்டோபரில் அது முடிந்தது. போர்க்கைதிகளோடு, மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் அந்தக் காட்டில் மடிந்தார்கள். சயாம் மரண ரயில்பாதை என்று தமிழர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

1944 மார்ச்சில் முத்தாகுச்சி தலைமையிலான ஜப்பானியப் படை, இந்திய தேசிய இராணுவத்தின் பிரிவுகளும் உடன்வர, பர்மாவின் சின்ட்வின் (Chindwin) ஆற்றைக் கடந்து இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி வந்தது. அவர்கள் கொண்டுவந்தது ஏறக்குறைய மூன்று வார உணவு. மீதியை இம்பால் கிடங்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஓட்டிவந்த மாடுகளில் பல ஆற்றிலேயே போயின. முற்றுகையிடப்பட்ட இம்பாலுக்கு எதிர்த்தரப்பு விமானத்தில் சரக்கு இறக்கிக்கொண்டே இருந்தது. ஸ்டாலின்கிராடில் தோற்ற அதே முறை இங்கே வென்றது. ஏன் அங்கே முடியாதது இங்கே முடிந்தது என்று ஒப்பிடச் சொன்னால் பிள்ளைகள் மிக நன்றாகச் சிந்திக்கிறார்கள். கோஹிமா பகுதியில் நின்ற ஜப்பானிய டிவிஷனின் தளபதி சாட்டோ, அரிசி வராததால் மேலிடத்து ஆணையை மீறித் தம் வீரர்களைப் பின்வாங்கச் செய்தார். ஜூலையில் முழுப் படையும் திரும்பியது. மலேரியாவிலும் பசியிலும் மழையிலும் இறந்தவர்கள் குண்டால் இறந்தவர்களைவிட அதிகம். இந்தியாவைத் தாக்கும் ஆற்றல் ஜப்பானுக்கு அதன் பின் இல்லை.

இங்கே எச்சரிக்கை ஒன்று. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களும் உண்டு, பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களும் உண்டு. உங்கள் வகுப்பில் இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யார் செய்தது சரி என்ற விவாதத்தை இந்தப் பாடத்துக்குள் இழுக்காமல், இருவரும் எந்த நிலையில் எதைத் தேர்ந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

தேர்வில் எழுதுவது, வீட்டில் கேட்பது

ஐந்து மதிப்பெண் விடையை எப்படி அமைப்பது என்று பலர் கேட்கிறார்கள். முதல் வாக்கியத்தில் இடமும் காலமும், இரண்டாவதில் சண்டைக்கு முன் அந்தத் தரப்பால் முடிந்தது, மூன்றாவதில் காரணமான சரக்கும் பாதையும், நான்காவதில் முடியாமல் போனது என்று எழுதச் சொல்லுங்கள். "1942 ஜூனில் மிட்வே அருகே ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அதுவரை பேர்ல் துறைமுகம் முதல் இலங்கை வரை விரும்பிய இடத்தில் தாக்கிவந்த கடற்படை அது. குறியீடு உடைக்கப்பட்டதாலும், இழந்த கப்பல்களையும் விமானிகளையும் ஈடுகட்டத் தொழில் வலிமை போதாததாலும் அந்த இழப்பு ஆறவில்லை. அதன் பின் ஜப்பான் தாக்கும் நிலையிலிருந்து காக்கும் நிலைக்கு மாறியது." இவ்வளவு எழுதும் பிள்ளைக்கு யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

கடைசியாக, நோட்டின் இரண்டாம் கட்டத்தை நிரப்பப் பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கும் தெருவுக்கும் அனுப்புங்கள். 1942ஐ நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. பெரும்பாலும் "எங்கம்மா சொல்லுவாங்க" என்றுதான் செய்தி கிடைக்கும். அதுவும் பதிவு செய்யத் தக்கதே. ஆயாவிடம் போய் "இரண்டாம் உலகப் போர் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் எதுவும் வராது. "ஆயா, குண்டுக்குப் பயந்து நம்ம வீட்ல எந்த ஊருக்குப் போனாங்க? திரும்பி வந்தப்ப வீடு எப்படி இருந்துச்சாம்? அப்ப அரிசி எங்க வாங்கினாங்க?" என்று கேட்டால் பேச்சு நிற்காது. பர்மா அரிசி நின்றுபோன கதையும் கேப்பையும் ரேஷனும் அந்தப் பேச்சில் தானே வரும். பெரம்பூர் பக்கத்துக் குடும்பமானால், பின்னி மில்லில் இராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்ததைச் சொல்லக்கூடும்.

வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் கேட்கும்போது ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அத்தோ, மொயிங்கா என்னும் பர்மிய உணவுகளை விற்கும் கடைக்காரர்களின் முன்னோர் எல்லாரும் 1942இல் வந்தவர்கள் அல்லர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்த பின் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர்க் காடுகளின் வழியே நடந்தும் வந்தது ஓர் அலை. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின் தாயகம் திரும்பியது இன்னோர் அலை. 1969இல் உருவான பர்மா பஜார் இந்த இரண்டாம் அலையினருக்காக ஏற்பட்டது. முதல் அலையில் வந்து, போருக்குப் பின் திரும்பிப் போய், இரண்டாம் அலையில் மறுமுறை வந்த குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொண்டால் நோட்டு முழுவதும் பிழையாகிவிடும்.

மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன உறவினர் பற்றிச் சில வீடுகளில் சொல்வார்கள். போருக்கு முன் கடிதம் வந்தது, 1942க்குப் பின் வரவில்லை, ரயில் போடக் கூட்டிப்போனார்கள் என்று யாரோ சொன்னார்கள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பார்கள். அந்தப் பிள்ளை நோட்டைக் கொண்டுவந்து, முதல் கட்டத்தில் என்ன தேதி போடுவது, இரண்டாம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்கும். ரயில்பாதை முடிந்த நாளையோ போர் முடிந்த நாளையோ எழுதி நிரப்பச் சொல்லாதீர்கள். உறவினர் பெயரையும், அவர் புறப்பட்ட ஊரையும், கடைசிக் கடிதம் வந்த மாதம் நினைவிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு, இரண்டு கட்டங்களையும் காலியாக விடச் சொல்லுங்கள்.